அக்கா யார், தங்கை யார்?

எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். எனக்கு 54 வயது, தங்கைக்கு 50. ஆனால், எங்களைச் சேர்த்துப் பார்க்கும் புது ஆட்கள் பல வருடங்களாகவே இதை மாற்றித்தான் சொல்கிறார்கள். ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடும் பையன் என்னிடம், "உங்க அக்காவுக்கு இந்த மாம்பழக் கலர் எடுப்பா இருக்கும் மேடம்" என்பான். தங்கை மறுக்க மாட்டாள். "ஆமாப்பா, நான்தான் பெரியவ. மரியாதையா வெலையக் கொறைச்சுச் சொல்லு" என்று அதிலும் ஒரு பேரம் பேசிவிடுவாள்.

போன வருடம் அவள் மகளின் நிச்சயதார்த்தத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டு உறவுக்கார அம்மாள் ஒருவர் நேராக என்னிடம் வந்து, "சம்பந்தியம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தங்கையைக் காட்டி, "இவங்க பொண்ணுக்குப் பெரியம்மாவா?" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் திருத்தினோம். அவரும் சங்கடப்பட்டு, "வெயில்ல நின்னு வேலை பாக்குறவங்கல்ல, அதான்..." என்று இழுத்துச் சமாளித்தார்.

அன்று ராத்திரி பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை கேட்டாள்: "ஏன்க்கா, கல்யாணப் போட்டோலயும் நான் இப்படித்தான் இருப்பேனா?"

கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது.

நான் மதுரையில் ஒரு வங்கியில் 29 வருடங்களாக வேலை பார்க்கிறேன். காலையில் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவேன். தங்கையைக் கட்டிக் கொடுத்தது நிலக்கோட்டைப் பக்கம். ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால், விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். பூ மார்க்கெட்டுக்குப் போன பிறகு களையெடுப்பு, தண்ணீர் பாய்ச்சுவது, மருந்தடிப்பது என்று வெயில் ஏற ஏற வேலையும் ஏறும். மல்லிகை கொழித்துப் பூப்பதே பங்குனி, சித்திரை, வைகாசியில்தான். ஊரெல்லாம் நிழல் தேடி ஒதுங்கும் மாதங்கள்தான் அவள் கையில் காசு புரளும் மாதங்கள். 27 வருடங்களாக இதுதான் அவள் வாழ்க்கை.

கல்யாணப் பெண் நர்ஸிங் படித்தவள். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் முகவாட்டத்தைக் கவனித்துவிட்டு, "பெரியம்மா, ரெண்டு பேரும் கையைத் தூக்குங்க" என்றாள். புஜத்தின் உள்பக்கத்தை, ஜாக்கெட் கை மறைக்கும் இடத்தை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில் எங்கள் இருவர் தோலும் ஒரே பாவு நூலில் நெய்தது மாதிரி இருந்தது. அதே மாநிறம், அதே மிருது. சொல்லப்போனால் அவளுடையதுதான் கொஞ்சம் இறுக்கம். மண்வெட்டி பிடிக்கிற கை அல்லவா! முன்கையைத் திருப்பினால் கதை வேறு. என்னுடையது என் வயதுக்கு ஏற்றாற்போல இருந்தது. அவளுடையது கறுத்து, தடித்து, சிறு சிறு கட்டங்களாக வரி ஓடிப்போயிருந்தது.

"அம்மா, உன்னோட 50 வயசு இங்கதான் இருக்கு" என்று உள்புஜத்தைத் தொட்டுச் சொன்னாள் மகள். "மிச்சம் எல்லாம் வெயிலு."

வாசகிகள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். வெயில் படாத உங்கள் தோல் எப்படி இருக்கிறதோ, அதுதான் உங்கள் வயது. முகத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, நாம் வாழ்ந்த விதம்.

தோலுக்கு மூப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று காலம். தோலின் மேல் உறைக்கு அடியில் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள் இருக்கின்றன. கயிற்றுக் கட்டிலின் கயிறு மாதிரி தோலைத் தாங்குவது கொலாஜன். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். இளமை முடியும்போதே கொலாஜன் வருடத்துக்கு ஏறத்தாழ 1 சதவிகிதம் குறையத் தொடங்கிவிடும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடங்களில் இந்தச் சரிவு வேகமெடுத்து, 30 சதவிகிதம் வரை போய்விடும். 'திடீர்னு முகம் வத்திப்போச்சே, ஏதாவது கவலையா?' என்று 50 வயதுப் பெண்களைக் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இரண்டாவது வழி வெளியிலிருந்து வருவது. அதில் பெரும்பங்கு வெயிலுக்குத்தான். வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யூவி-பி தோலின் மேற்பரப்பைச் சுடும். எரிச்சல் நமக்கு உடனே தெரியும். யூவி-ஏ அப்படியல்ல. அது சுடாமல் ஆழமாக இறங்கும். காலை முதல் மாலைவரை இருக்கும், மேகத்தைத் தாண்டும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். அது பட்டதும் தோலின் செல்கள் கொலாஜனை அறுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அறுந்ததை உடம்பு மறுபடி பின்னும். ஆனால், பழையபடி ஒழுங்காகப் பின்னாது. ஒரு நாள் பின்னலில் விட்ட ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. 27 வருட ஓட்டைகள் தெரியும்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். அவருடைய வலது கை முழங்கை வரை அட்டைக் கறுப்பு. இடது கை வேறு யாருடையதோ போல இருக்கும். சின்ன வயதில், "அப்பா, உங்களுக்கு ஒரு கை பழசு, ஒரு கை புதுசு" என்று கேலி செய்வோம். 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் சிகாகோ மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு படத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. 69 வயதுக்காரர், 28 வருடங்கள் டெலிவரி டிரக் ஓட்டியவர். முகத்தின் வலது பாதி அவர் வயதுக்குரியது. இடது பாதி தடித்து, தொங்கி, ஆழமான வரிகளோடு இன்னொரு இருபது வருடம் வாழ்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஜன்னல் வெயில் அந்தக் கன்னத்தில்தான் விழும். ஒரே மனிதர், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், ஒரே பரம்பரை. வித்தியாசம் ஜன்னல் மட்டுமே.

வெயிலால் வருவது என்றால் தடுக்கவும் முடியும் அல்லவா? அதையும் சோதித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நாம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை வைத்து நடந்த ஆய்வு அது; முடிவு 2013-ல் வெளியானது. ஒரு பாதிப் பேர் தினமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். மறு பாதிப் பேர் அவர்கள் இஷ்டம்போல. நாலரை வருடம் கழித்துப் புறங்கைத் தோலின் அச்சை எடுத்துப் பார்த்தால், தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவிகிதம் குறைவு. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் பலன் எதுவும் தெரியவில்லை. அழகுக்கென்று மாத்திரை விழுங்குகிறவர்கள் இந்த இரண்டாவது முடிவையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தானே என்று கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நம் தோலில் இருக்கும் மெலனின் ஓர் இயற்கைக் குடை. ஐரோப்பியர்களுக்கு விழும் அளவு ஆழமான சுருக்கம் நமக்குச் சீக்கிரம் விழாது. ஏறக்குறைய பத்து வருடம் தள்ளித்தான் வரும். ஆனால், நம் தோலில் மூப்பு வேறு வேஷத்தில் வருகிறது. சுருக்கத்துக்கு முன்னால் நிறம் திட்டுத் திட்டாக மாறும். கன்னத்திலும் மூக்கின் மேலும் மங்கு படரும். கண்ணைச் சுற்றிக் கறுக்கும், கழுத்தில் சின்னச் சின்ன மருக்கள் வரும். மதுரைப் பக்கம் மங்கு வந்த பெண்ணைப் பார்த்ததுமே வயதைக் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். தங்கையின் முகத்திலும் அதுதான் நடந்திருந்தது. அவள் முகத்தில் சுருக்கம் பெரிதாக இல்லை. இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி மங்கு.

அந்த மங்குக்குத்தான் அவள் க்ரீம் வாங்கினாள்.

யாரோ உறவுக்காரப் பெண் சொல்லி, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய ட்யூப். மகள் அப்போது சென்னையில் வேலையில் இருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. முதல் மூன்று வாரம் அதிசயம். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பூ மார்க்கெட்டில் எல்லாரும் கேட்டார்களாம். ஒரு ட்யூப் முடிந்து இரண்டாவது, மூன்றாவது. மூன்றாம் மாதம் நான் ஊருக்குப் போனபோது, கன்னம் இளஞ்சிவப்பாக மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடை ஓரத்தில் பூனை முடி. பொடிப் பொடிப் பருக்கள். "வெயில்ல போனா மொளகாய் அரைச்சுத் தேச்ச மாதிரி எரியுதுக்கா. பூசறத நிறுத்துனா இன்னும் ஜாஸ்தியா எரியுது" என்றாள்.

ட்யூபை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன் வந்தது. "பெரியம்மா, அதுல மொமெட்டசோன் இருக்கு. ஸ்டீராய்டு. அம்மாவ உடனே ஸ்கின் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

இந்தக் கலவை க்ரீமுக்கு ஒரு வரலாறு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன், 1975-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கரும்படலத்தை மங்கச் செய்யும் ஒரு பூச்சை எழுதினார்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து அது. அதன் திரிந்த வடிவங்கள்தான் நம் ஊர்க் கடைகளில் 'சிவப்பழகு' மருந்தாகக் கைமாறுகின்றன. தோலைச் சுருங்கவிடாமல் காக்கும் மருந்து என்று இன்றைக்கு உலகம் முழுவதும் பேசப்படும் ட்ரெட்டினாயினுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தவரும் இதே க்ளிக்மன்தான். ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடம்பில் பல வருடங்கள் பரிசோதனைகள் நடத்திப் பெரிய பழியைச் சுமந்தவரும் அவரே. அழகு சாதன உலகின் வரலாறு அப்படி ஒன்றும் அழகானதல்ல.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தை அடக்கி, நிறத்தைக் குறைத்து உடனடியாகப் பளபளப்பு தருகிறது. அதே சமயம் கொலாஜன் உற்பத்தியையும் அடக்கித் தோலைக் காகிதம்போல மெலிதாக்குகிறது. அதாவது, இளமைக்கு என்று பூசியது மூப்பைத்தான் கூட்டுகிறது. இந்தப் பாதிப்பு இந்தியாவில் அவ்வளவு பரவியதால், தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்து, 2018-ல் மத்திய அரசு 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது, விற்பனையும் இருக்கிறது. உங்கள் வீட்டு ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால், முகத்துக்கு அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால், தானாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தோம். டாக்டரம்மா இளவயதுக்காரர். திட்டுவார் என்று தங்கை பயந்துபோயிருந்தாள். அவர் திட்டவில்லை. "தினமும் ரெண்டு பேராவது இந்த மாதிரி வர்றாங்கம்மா. நீங்க பொறுமையா இருந்தீங்கன்னா சரியாகிடும்" என்று ஸ்டீராய்டைப் படிப்படியாக விடும் முறையை எழுதிக் கொடுத்தார். வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இரண்டே இரண்டு. ஃபேஷியல், ப்ளீச், எலுமிச்சை, கடலை மாவு எதுவும் கூடாது.

கல்யாணத்தன்றைக்கு முகம் முழுதாகத் தெளியவில்லை. மேக்கப் போட வந்த பெண்ணை டாக்டரம்மா சொன்னதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள் மகள். போட்டோவில் தங்கையின் கன்னம் சிவந்துதான் இருக்கிறது. அந்த ஆல்பத்தை அவள் இன்னும் முழுதாகப் புரட்டியதில்லை.

எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து பூசினால் முகம் பொலியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். எலுமிச்சை வகைப் பழங்களின் சாறும் தோல் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்துபோய், மாதக்கணக்கில் கறை நிற்கும். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் நல்லது. வறண்ட கைகால் தோலுக்கு ஈரப்பதத்தைக் காக்கும். ஆனால், வெயிலைத் தடுக்கும் என்று நம்பி அதைத் தடவிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதில் அர்த்தமில்லை. கொலாஜன் பவுடரும் இப்போது வீடு வீடாக வருகிறது. வயிற்றுக்குள் போனால் அதுவும் மற்றப் புரதம் போலச் செரிமானமாகித்தான் ஆக வேண்டும். முகத்துக்கு நேராகப் போக அதற்கு வழி தெரியாது. பலன் உண்டு என்று சொன்ன ஆய்வுகளில் பலவும் அதை விற்கும் நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. அந்தக் காசுக்குப் பருப்பும் முட்டையும் நெல்லிக்காயும் வாங்கலாம். கொலாஜனைப் பின்ன உடம்புக்கு வைட்டமின் சி வேண்டும்; நெல்லிக்காயில் அது கொட்டிக் கிடக்கிறது.

வெயிலை விட்டால் அடுத்த எதிரி புகை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்றொரு ஊர். வருடாவருடம் அங்கே இரட்டையர் திருவிழா நடக்கும். அங்கு வந்த ஒரே கரு இரட்டையர்களில், ஒருவர் புகைப்பவராகவும் மற்றவர் புகைக்காதவராகவும் இருந்தவர்களை, இருவருமே புகைத்தாலும் ஒருவர் பல வருடங்கள் கூடுதலாகப் புகைத்த ஜோடிகளையும், புகைப்படம் எடுத்து ஒப்பிட்டார்கள். கண்ணுக்குக் கீழே பை, மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு இறங்கும் கோடு, உதட்டுக்கு மேல் சுருக்கம் எல்லாம் புகைத்தவருக்கே அதிகம். எங்கள் அப்பாவின் பீடியைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. பெண்கள் இதை ஆண்கள் விஷயம் என்று தாண்டிப் போகவும் முடியாது. ஜெர்மனியில் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில், வாகனப் புகை அதிகமுள்ள இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் கூடுதலாக இருந்தன. விறகடுப்புப் புகையும் சும்மா விடாது. தங்கை வீட்டில் கேஸ் வந்த பிறகும் வெந்நீர் அடுப்பு விறகில்தான் எரிந்துகொண்டிருந்தது.

சர்க்கரை என் பக்கத்து விஷயம். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்க வைக்கிறது. தோசை பொன்னிறமாக முறுகுவதும் இதே வேதியியல்தான். நம் உடம்புக்குள் அது பல வருடங்களாக, மெதுவாக நடக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நடந்த ஆய்வில், ரத்தச் சர்க்கரை கூடுதலாக இருந்தவர்கள் போட்டோவில் தங்கள் வயதைவிட மூத்தவர்களாகத் தெரிந்தார்கள். எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தங்கைக்கு அந்தப் பேச்சே இல்லை. ஒன்பது மணிக்குப் படுத்தால் அடுத்த நிமிடம் தூங்கிவிடுவாள். தூக்கம் கெட்ட முகத்தைப் பார்த்தவுடனே மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று ஸ்வீடனில் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஸ்வீடன் வேண்டுமா என்ன, மாதக் கடைசியில் வங்கிக்கு வந்து பார்த்தாலே போதும்!

இந்த விவரங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒன்று என்னைப் பயமுறுத்திவிட்டது. டென்மார்க்கில் 70 வயதைத் தாண்டிய 1,826 இரட்டையர்களின் போட்டோக்களைக் காட்டி, இவருக்கு எத்தனை வயது இருக்கும் என்று மற்றவர்களிடம் கேட்டார்கள். பிறகு அந்த இரட்டையர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஜோடியில் யார் மூத்தவராகத் தெரிந்தாரோ, பெரும்பாலும் அவரே முதலில் இறந்தார். 2009-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஜவுளிக்கடைப் பையன் சொன்னது ஜோசியம் மாதிரி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டேன். "முகத்துல தெரியுற வயசுல நோய், புகை, கஷ்டம் எல்லாம் கலந்து இருக்கும்மா. உங்க தங்கச்சிக்கு இருக்கிறது வெயில் கணக்கு. பிரஷரையும் சுகரையும் எலும்பையும் பாருங்க, அதுதான் முக்கியம்" என்றார். எல்லாம் பார்த்தோம். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி. வைட்டமின் டி கூட அவளுக்குப் போதுமானது. மாத்திரை சாப்பிட வேண்டியவள் நான்தான். வங்கி மாடிப்படி மூன்று மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அவள் தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நடப்பாள். ஜவுளிக்கடைப் பையன் எங்கள் ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பான்.

ஆனாலும் மங்கு மங்குதான். அது அவளைத் தலை குனிய வைத்தது உண்மை; 'உள்ளழகுதான் முக்கியம்' என்று நான் அவளிடம் பிரசங்கம் செய்யப் போவதில்லை.

வெயிலை விட்டுவிடு என்று அவளிடம் சொல்ல முடியாது, அதுதான் சோறு. எந்த வேலையை எப்போது செய்வது என்பதை மட்டும் மாற்றலாம். பறிப்பு எப்படியும் விடியலில். களையெடுப்பை இப்போது மாலை நாலு மணிக்கு மேல் தள்ளிவிட்டாள். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை; நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நிழல் நீண்டதும் இறங்கலாம். புடவை மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது நம் ஊர்ப் பெண்களின் பழைய பழக்கம். அதைவிட நல்ல சன்ஸ்கிரீன் கையில் பூச எதுவும் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியாத, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணியாக இருக்க வேண்டும். நைந்துபோன வெள்ளைச் சட்டை, அதுவும் வேர்வையில் நனைந்தால், கணிசமான கதிரை உள்ளே விட்டுவிடும். தலையில் கட்டும் துண்டு உச்சியைத்தான் காக்கும். கன்னத்துக்கு ஒன்றும் செய்யாது. அதனால் துண்டுக்கு மேல், சுற்றிலும் மூன்று அங்குல விளிம்புள்ள தொப்பி.

சன்ஸ்கிரீன் விஷயத்தில்தான் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். எஸ்.பி.எஃப் 30 யூவி-பி கதிரில் 97 சதவிகிதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதனால் 30 போதும். யூவி-ஏ கதிருக்கு பி.ஏ. என்று எழுதி மூன்று கூட்டல் குறி இருக்க வேண்டும். மங்கு இருப்பவர்களுக்கு, லேசாகத் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு, மங்கைக் கூட்டும் சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும். இதுவரை சரி. ஆனால், அளவு? ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். 50 கிராம் ட்யூப் 400, 500 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டே தடவை பூசினாலும் மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகும்.

"ஏன்க்கா, பூ கிலோ என்ன வெல போகுதுன்னு தெரியாம நான் இதுக்குக் கணக்குப் போடவா?" என்றாள். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "எனக்கு நீ வாங்கிக் குடுத்துருவ. பறிப்புக்கு வர்றவங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவள் தோட்டத்துக்குப் பறிப்புக்கு வருவது ஒன்பது பெண்கள். அதில் மூத்தவருக்கு 60 இருக்கும்; சரியான வயது அவருக்கே தெரியாது. இளையவளுக்கு 31 வயது. அவளுக்கும் கன்னத்தில் மங்கு ஆரம்பித்துவிட்டது. இவள் பூசிய ட்யூபின் பெயரைக் கேட்டு வாங்கியிருந்தவளும் அவள்தான். தங்கை அதைப் பிடுங்கி, டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

ஒன்பது பேருக்கும் மாதாமாதம் ட்யூப் என்றால் நாலாயிரம் ரூபாயைத் தொடும். உட்கார்ந்து பேசி, இந்தப் பொங்கலுக்கு எப்போதும் எடுக்கும் புடவையோடு, ஆளுக்கு இரண்டு கருநீல முழுக்கைச் சட்டையும் ஒரு தொப்பியும் எடுப்பது என்று முடிவு செய்தாள். பாதிச் செலவு என்னுடையது. தொப்பிக்குத் தாடைக்குக் கீழே கட்ட நாடா வேண்டும், இல்லாவிட்டால் குனியும்போது விழுந்துவிடும் என்று மூத்த அம்மாள் சொன்னார். தங்கையே உட்கார்ந்து ஒன்பதுக்கும் நாடா தைத்தாள்.

இரண்டு பேர் தொப்பியை மறுநாளே பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்களாம். மற்ற ஏழு பேர் போட்டுக்கொண்டுதான் களையெடுக்கிறார்கள். போன வாரம் போனில், "கறுப்பு நாடா வேர்வைக்கு அரிக்குதுங்கிறாங்க. டவுன்ல காடாத் துணியில நாடா கெடச்சா பத்து மீட்டர் வாங்கிட்டு வாக்கா" என்றாள்.